ரிவால்வருக்கு உறை வாங்கும் முன்: தங்கச்சிக்கு அக்காவின் யோசனைகள்

ஆன்லைனில் ஆர்டர் போடுவதற்கு முன்னால் இதை முழுசாக ஒருமுறை படித்துவிடு, தங்கச்சி.

அப்பாவின் ரிவால்வர் உன் பெயருக்கு மாறியதில் எனக்குச் சம்மதம்தான். லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கி அவரிடம் 25 வருடம் இருந்துவிட்டாலோ வாரிசுக்கு மாற்றித் தரலாம் என்று 2016-ஆம் ஆண்டு படைக்கல விதிகளில் இருக்கிறது. நானும் தம்பியும் ஆட்சேபம் இல்லை என்று மனசோடுதான் கையெழுத்துப் போட்டோம். கீழப்பழுவூரில் பெட்ரோல் பங்க் நடத்துகிறாய், கலெக்‌ஷன் பணத்தை எடுத்துக்கொண்டு இருட்டிய பிறகு வண்டியில் வருகிறாய். உன் பயம் நியாயமானது. ஆனால் நீ கேட்ட கேள்வி, எந்த உறை அழகாக இருக்கும், எது விலை குறைவு என்பதாக இருந்தது. போலீஸ் வேலையில் இத்தனை வருடம் .38 ரிவால்வரை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: விபத்து நடப்பதும் நடக்காமல் இருப்பதும் பெரும்பாலும் உறையைப் பொறுத்தது.

முதலில் சட்டம். ஏனென்றால் நம் ஊரில் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். லைசென்ஸ் இருந்தால் இடுப்பில் நாலு பேர் பார்க்கிற மாதிரி செருகிக்கொள்ளலாம், மறைத்து வைத்தால்தான் தப்பு என்று நினைக்கிறவர்கள் நிறைய. விதி நேர் எதிராக இருக்கிறது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டு போனால், அதற்கென்று செய்த உறையில் போட்டு உடம்போடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் தோள்பை போன்ற ஒன்றுக்குள் இருக்க வேண்டும். எப்படிக் கொண்டு போனாலும் முழுசாக மூடியிருக்க வேண்டும். அதோடு, கொண்டு போகிறவரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். எடுத்து ஆட்டிக் காட்டினாலே லைசென்ஸ் போய்விடும். கல்யாணத்தில், ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2019 சட்டத் திருத்தத்தின்படி இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்த இரண்டு வார்த்தையை மட்டும் மனசில் வைத்துக்கொள்: மூடியிருக்க வேண்டும், கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கடையில் எந்த உறையை எடுத்துக் காட்டினாலும் இந்த இரண்டையும் வைத்துப் பார். பாதிக்கு மேல் அங்கேயே கழிந்துவிடும்.

கையில் இருப்பது என்ன?

அப்பாவுடையது கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர். வெள்ளைக்காரன் காலத்து வெப்லி .38-இன் அமைப்பை வைத்துச் செய்தது. மேலே ஒரு கொக்கியைத் தள்ளினால் நடுவில் மடிந்து திறக்கும், சுட்ட கூடுகள் மொத்தமாக வெளியே வரும். போலீசுக்கு .38, பொதுமக்களுக்கு .32 என்பதுதான் நம் நாட்டு நிலவரம். ஆறு ரவை போட்டால் முக்கால் கிலோவைத் தொடும். புதிதாக வந்திருப்பதும் ரொம்ப வித்தியாசம் இல்லை. 2023 ஆகஸ்டில் வந்த 'பிரபல்' ரிவால்வர் வெறும் எடையே 675 கிராம், குழல் 76 மில்லிமீட்டர், முழு நீளம் 177.6 மில்லிமீட்டர். அதைத் தயாரிக்கும் அரசு நிறுவனத்தின் கீழ்தான் நம் திருவெறும்பூர்த் துப்பாக்கித் தொழிற்சாலையும் இருக்கிறது.

2014 ஜனவரியில் 'நிர்பீக்' என்று பெண்களுக்காகவே ஒரு ரிவால்வர் வந்தது ஞாபகம் இருக்கும். டைட்டானியம் கலந்து, எடையை அரைக் கிலோ அளவுக்குக் குறைத்தார்கள். விலை வரிகளோடு 1 லட்சத்து 22 ஆயிரம். நகைப்பெட்டி மாதிரி மெரூன் நிறப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பெட்டியைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சுடிதாரிலும் புடவையிலும் இருக்கிற ஒரு பெண் அதை உடம்பில் எங்கே வைப்பாள், வண்டி ஓட்டும்போது எப்படி இருக்கும், விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அப்பாவுடையதைப் போன்ற அளவில் இருக்கிற ரிவால்வரை வெளிநாட்டில் மீடியம் ஃப்ரேம் என்பார்கள். பாக்கெட்டில் அடங்காது, இடுப்பில் அடங்கும் என்கிற அளவு. இதில் தடிமனான இடம் ஆறு அறை உள்ள சிலிண்டர். துணிக்கு வெளியே முட்டிக்கொண்டு காட்டிக் கொடுப்பது அதுதான் என்று நினைப்பாய். இல்லை. குழலும் சிலிண்டரும் உடம்போடு ஒட்டிப் படிந்துவிடும். காட்டிக் கொடுப்பது பிடிதான். நீ குனிந்து டிப்போ ரசீதில் கையெழுத்துப் போடும்போது முதுகுப் பக்கம் ஒரு முனை துணியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் உறையில் ரிவால்வர் நேராக நிற்காமல், பிடி சற்று முன்பக்கம் சாய்ந்த மாதிரி இருக்க வேண்டும். பிடிக்கு ரப்பர் உறை மாட்டாதே. ரப்பர் துணியைப் பிடித்து இழுக்கும். அப்பாவுடையதில் இருக்கிற வழவழப்பான பிடியே நல்லது, துணி அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

உறையை எப்படிச் சோதிப்பது

ரவையை எல்லாம் எடுத்துவிடு. எடுத்ததை வேறு அறையில் வைத்துவிட்டு வா. சிலிண்டரைத் திறந்து ஆறு அறையிலும் விரல் விட்டுப் பார். அதற்குப் பிறகுதான் மற்றது.

உறையில் போட்டதும் ட்ரிகர் வளையம் முழுசாக மறைய வேண்டும். பாதி தெரிகிறது, விரல் நுனி உள்ளே போகிறது என்றால் அந்த உறையை விலைக்குக் கூடக் கேட்காதே. வெளியிலிருந்து உறையை அழுத்திப் பார்: ட்ரிகர் இருக்கிற இடத்தில் தோல் உள்ளே நசுங்கினால் அதுவும் வேண்டாம். மெல்லிய துணி உறை, எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று விற்கிற நைலான் உறை எல்லாம் இதில்தான் தோற்கும்.

அடுத்து, மெத்தைக்கு மேலாக உறையைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டு. ரிவால்வர் விழக்கூடாது. அதே நேரத்தில் ஒரே கையால் இழுத்தால் தடையில்லாமல் வர வேண்டும். எடுத்த பிறகு உறையின் வாய் திறந்தபடியே நிற்க வேண்டும். வாய் சுருங்கிக்கொள்கிற உறை என்றால், திரும்ப வைக்க இன்னொரு கையால் வாயைப் பிரிக்க வேண்டியிருக்கும். அப்போது உன் இடது கை விரல்கள் குழலின் முன்னால் இருக்கும். யோசித்துப் பார்.

மேலே ஒரு வார் போட்டுப் பட்டனால் மூடுகிற உறைதான் உனக்கு நல்லது. வண்டியில் போகிறவளுக்கு அது இல்லாமல் சரிப்படாது. ஆனால் அப்பாவின் ரிவால்வர் மடிந்து திறக்கிற ரகம் என்பதால் ஒன்றைக் கவனி: அந்த வார், திறக்கிற கொக்கியின் மேல் அழுத்தக்கூடாது. வாரைப் போட்டு மூடி, காலி ரிவால்வரோடு வீட்டுக்குள் நட, உட்கார், மாடிப்படி ஏறு. பிறகு எடுத்துப் பார்த்தால் கொக்கி நன்றாக மாட்டியே இருக்க வேண்டும்.

எந்தத் தோல்

ஆன்லைனில் விற்பதில் பெரும்பகுதி வெளிநாட்டு மாடல்களுக்காக வார்த்தது. கைடெக்ஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் உறை வியர்வையை உறிஞ்சாது, வடிவம் மாறாது, நல்ல பொருள்தான். ஆனால் அது அந்தந்தத் துப்பாக்கிக்கு அச்செடுத்தது போலச் செய்தால்தான் பிடிக்கும். கான்பூர் ரிவால்வருக்குப் பொருந்துகிற மாதிரி கடையில் தயாராகக் கிடைப்பது கஷ்டம். "கிட்டத்தட்டப் பொருந்தும்" என்று சொல்லி விற்பார்கள். கிட்டத்தட்டப் பொருந்துகிற உறையில் ரிவால்வர் ஆடும், ஆடினால் ட்ரிகர் பக்கம் இடைவெளி வரும்.

அதனால் தோலில் தைத்துக்கொள். நம் பக்கத்தில் இதற்கு வழி இருக்கிறது. திருச்சி, திண்டுக்கல் பக்கம் தலைமுறை தலைமுறையாக ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல், ஈ.ஐ. தோல் என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் உறைக்கு ஏற்றது: தண்ணீரில் நனைத்து அச்சின் மேல் அழுத்திக் காய வைத்தால் அந்த வடிவத்திலேயே கெட்டியாக நின்றுவிடும். குரோம் உப்பில் பதனிட்டது மெத்தென்று இருக்கும், விலையும் குறையும், ஆனால் வடிவம் நிற்காது. இரும்பின் மேல் கிடந்தால் துருவை வேறு கூட்டிவிடும். எது எது என்று கண்டுபிடிப்பது சுலபம். வெட்டிய ஓரத்தைப் பார். உள்வரை பழுப்பாக இருந்தால் பட்டையில் பதனிட்டது. நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்: பட்டைத் தோல் உறிஞ்சிக் கறுக்கும்.

மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத கனத்தில், நைலான் நூலில் இரட்டைத் தையல் போடச் சொல். வாய்ப்பகுதியில் இன்னொரு அடுக்குத் தோல் வைத்துத் தைத்தால் வாய் சுருங்காது. உடம்பு பக்கம் தோல் சற்று உயர்ந்து சுத்தியலை மறைத்தபடி இருக்கட்டும். வியர்வை ரிவால்வரில் படாது, சுத்தியலின் கொம்பும் உன் இடுப்பைக் கிழிக்காது.

ஒரு விஷயம் மறக்காதே. ரிவால்வரைத் தையல்காரர் கடையில் விட்டுவிட்டு வரக்கூடாது, ஒரு மணி நேரத்துக்குக் கூட. உறை தைக்கிறவர்கள் அச்சு வைத்துத்தான் தோலை வார்ப்பார்கள். அரும்பாவூரில் தேர்ச் சிற்பம் செதுக்குகிற ஆசாரிகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், பெரம்பலூர் தாண்டிப் போனால் போதும். அளவெடுத்த தாளைக் கொடுத்தால் ஒரு மரக்கட்டையை அதே வடிவில் செதுக்கித் தருவார்கள். வண்ணம் பூச வேண்டாம், குழல் துளையும் வேண்டாம், பார்த்ததும் மரக்கட்டை என்று தெரிய வேண்டும். சிலிண்டரின் அகலமும் ட்ரிகர் வளையத்தின் இடமும் மட்டும் சரியாக இருந்தால் போதும். அந்தக் கட்டையைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டு நீ நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடலாம். தைத்து முடித்ததும் ரவை இல்லாத ரிவால்வரை நீயே கொண்டு போய்ப் பொருத்திப் பார்த்து வாங்கு.

உடம்பில் எங்கே

இதில்தான் நமக்குச் சிக்கல். உறை பற்றி எழுதியிருப்பது எல்லாம் ஆம்பிளை இடுப்பையும் பேண்ட் பெல்ட்டையும் நினைத்து எழுதியது. நமக்கு இடுப்பு அகலம், இடுப்புக்கும் விலாவுக்கும் நடுவில் இடம் குறைவு. அவர்கள் கட்டுகிற உயரத்தில் கட்டினால் பிடி விலா எலும்பில் குத்தும், குழல் முனை தொடைப் பக்கம் வெளியே தள்ளும்.

நாடா கட்டிய சுடிதார் பேண்டில் ரிவால்வரைத் தொங்க விடலாம் என்று நினைக்காதே. முக்கால் கிலோ கனத்துக்கு நாடா கால் மணி நேரத்தில் இளகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, தொங்குகிற நாடா முனை. உறையில் வைக்கும்போது அது ட்ரிகர் வளையத்துக்குள் மாட்டினால், நீ அழுத்தித் தள்ளுகிற வேகத்தில் அதுவே ட்ரிகரை இழுத்துவிடும். துப்பட்டா ஓரமும் குர்த்தி மடிப்பும் அப்படித்தான். உலகம் முழுக்க உறையில் வைக்கும்போது நடக்கிற விபத்துகளில் பல, துணி மாட்டி நடப்பவை.

ஆகவே பெல்ட் போடுகிற பேண்ட் ஒன்றிரண்டு தைத்துக்கொள். ஒன்றரை அங்குல அகலத்தில், இரண்டு அடுக்குத் தோலில், விறைப்பான பெல்ட். உறையின் பட்டையும் அதே ஒன்றரை அங்குலத்துக்கு இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உறை முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும். வலது பக்கம் இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் வைத்துப் பார். விலாவில் குத்தினால், இடது முன்பக்கம், பிடி வலது கையை நோக்கி இருக்கிற மாதிரி குறுக்காகக் கட்டிப் பார். வண்டியில் உட்கார்ந்தபடி எடுக்க இதுதான் வசதி. பங்கில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற உனக்கு இதுதான் ஒத்துவரும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பிடி எதிரில் நிற்கிறவர் கைக்கு எட்டுகிற பக்கம் இருக்கும், வார் இல்லாமல் இப்படிக் கட்டவே கூடாது. முதுகுத்தண்டின் மேல் கட்டுவது வேண்டாம், வண்டியிலிருந்து விழுந்தால் முதுகெலும்பு போய்விடும். கணுக்காலில், தோளில் கட்டுவதெல்லாம் கோட்டு சூட்டு போடுகிற குளிர்நாட்டுக்கு.

மேலே போடுகிற துணி பற்றியும் யோசி. குர்த்தியின் பக்கவாட்டுப் பிளவு இடுப்பு வரை இருந்தால், வண்டி வேகம் எடுத்ததும் காற்றில் விரிந்து எல்லாம் தெரியும். விதிப்படி அது தப்பு. பிளவைத் தொடைக்குக் கீழே வைத்துத் தைக்கச் சொல். பங்கில் போடுகிற ஓவர்கோட் ரொம்ப நல்ல மறைப்பு. கெட்டிக் காட்டனாக, பூப்போட்டதாக அல்லது கட்டம் போட்டதாக இருந்தால் மேடு பள்ளம் தெரியாது. ஒற்றை நிறப் பாலியெஸ்டர் வியர்வையில் ஒட்டிக்கொண்டு உறையின் வடிவத்தையே வரைந்து காட்டும்.

புடவை கட்டுகிற நாளில் எடுத்துப் போகாதே. வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற எலாஸ்டிக் பட்டை விற்கிறார்கள், புடவைக்குள் கட்டலாம் என்று படம் போட்டிருப்பார்கள். கொசுவத்தையும் முந்தானையையும் தாண்டிக் கையை விட்டு எடுக்க முடியாது, எலாஸ்டிக் ட்ரிகரையும் காப்பாற்றாது. அன்றைக்குப் பீரோவில் பூட்டிவிட்டு, பணத்தை வெளிச்சம் இருக்கும்போதே அனுப்பிவிடு.

கைப்பை? விதி தோள்பையை அனுமதிக்கிறது. நான் அனுமதிக்க மாட்டேன். பைக்கில் வந்து செயினையும் பையையும் பறிக்கிறவர்கள் இருக்கிற ரோட்டில், பறிக்கிறவன் கையில் ஆறு ரவை போட்ட ரிவால்வரையும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகும். பொதுக் கழிப்பறைக்குப் போனால் ஆணியில் மாட்டுவது, டீக்கடையில் நாற்காலியில் விட்டுவிட்டு எழுந்திருப்பது, இதெல்லாம் பையில்தான் நடக்கும்.

தம்பிக்கும் இதைச் சொல், அவனுக்கும் லைசென்ஸ் ஆசை இருக்கிறது. வேட்டிக்கு மேல் கட்டுகிற பச்சை பெல்ட்டில் பணம், செல்போன், சாவி எல்லாம் வைக்கிற மாதிரி ரிவால்வரையும் அந்தப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துணிக்கு ட்ரிகரைக் காப்பாற்றுகிற கெட்டி கிடையாது. பக்கத்தில் ஒரு சாவிக்கொத்து இருந்தால் போதும்.

வைப்பதும் எடுப்பதும்

உறையில் வைக்க ஒருநாளும் அவசரம் கிடையாது. சுத்தியலை இழுத்து வைத்த நிலையில் உறையில் வைக்கவே கூடாது. வைக்கும்போது கட்டைவிரலைச் சுத்தியலின் பின்பக்கம் மெதுவாக வைத்துக்கொள். துணியோ நாடாவோ ட்ரிகரில் மாட்டி இழுத்தால், முதலில் சுத்தியல் பின்னால் நகரும். கட்டைவிரலுக்கு உடனே தெரியும், நிறுத்திவிடலாம். பணியில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததிலேயே மிகப் பிரயோஜனமானது இதுதான். கண்ணால் உறையைப் பார்த்தபடி வை, சட்டையை இடது கையால் தூக்கிப் பிடி, ஆள்காட்டி விரல் ரிவால்வரின் சட்டத்தின் மேல் நீட்டியபடி இருக்கட்டும்.

அப்பாவின் ரிவால்வர் பழையது. கீழே விழுந்தால் சுத்தியல் ரவையைத் தட்டாமல் தடுக்கிற அமைப்பு அதில் சரியாக வேலை செய்கிறதா என்று லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் ஆர்மரரிடம் காட்டி உறுதி செய்துகொள். அதுவரை ஐந்து ரவை போதும், சுத்தியலுக்கு நேரே இருக்கிற அறை காலியாக இருக்கட்டும்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது காலி ரிவால்வர், போலி ரவை, ரவை வேறு அறையில், கதவு சாத்தியிருக்க வேண்டும், பிள்ளைகள் வீட்டில் இருக்கக்கூடாது. நிஜமாகச் சுட்டுப் பழக திருச்சி ரைபிள் கிளப் இருக்கிறது. 2022-இல் நடிகர் அஜித் மாநிலப் போட்டிக்கு வந்து கூட்டம் அலைமோதியதே, அந்த கிளப்தான். லைசென்ஸுக்குப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கியதோடு விட்டுவிடாதே.

வெயிலும் சுண்ணாம்புத் தூசியும்

நம் ஊரில் துப்பாக்கியைக் கெடுப்பது வேறு எதுவும் இல்லை, சிமெண்ட் ஆலை லாரிகள் கிளப்புகிற புழுதியும் சித்திரை வைகாசி வியர்வையும்தான். சுண்ணாம்புத் தூசி வியர்வையில் நனைந்து சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய இடைவெளியில் பற்றுப் போட்ட மாதிரி இறுகிவிடும், சிலிண்டர் சுற்றாது. திறந்து, கூடுகளைத் தள்ளுகிற நட்சத்திர வடிவத் தட்டின் அடியைப் பார். அங்கே ஒரு துளி மணல் இருந்தாலும் திரும்ப மூடுவது கஷ்டமாகும். வெளியே போய் வந்த இரவெல்லாம் காய்ந்த துணியால் துடை, எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவை தடவு. எண்ணெயைக் கொட்டாதே, தூசியை அதுவே பிடித்து வைக்கும். ரவையின் பின்புறத்தில் எண்ணெய் இறங்கினால் வெடிக்காமலும் போகும்.

ரிவால்வரை உறையோடு சேர்த்துப் பீரோவில் வைக்காதே. தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், ஒரு மழைக்காலத்தில் குழலில் சிவப்புப் புள்ளி விழுந்துவிடும். உறையைத் தனியே நிழலில் காய விடு. வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். ரவையையும் தோல் பட்டையில் செருகி வைக்காதே, பித்தளையில் பச்சைக் களிம்பு பிடித்து அறையில் மாட்டிக்கொள்ளும். பீரோ சாவி ஆணியில் தொங்குகிற வீடு நம் வீடு. அது போதாது, பீரோவுக்குள் சுவரோடு திருகிய ஒரு சின்ன இரும்புப் பெட்டி, அதன் சாவி உன்னிடம் மட்டும்.

எங்கே கொண்டு போகக் கூடாது

லைசென்ஸ் புத்தகத்தின் நிபந்தனைப் பக்கத்தைப் படி. தனி அனுமதி இல்லாமல் திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி கல்லூரி வளாகம் எங்கும் எடுத்துப் போகக் கூடாது. ஆலந்துறையார் கோயில் திருவிழாவுக்கும், கல்லங்குறிச்சித் தேருக்கும், ஏலாக்குறிச்சி மாதா கோயில் தேர்பவனிக்கும் வீட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அப்படியே பங்குக்குப் போகிறவள் நீ. அந்த வழக்கத்தை மாற்று, விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள். கூட்டமான பஸ்ஸிலும் வேண்டாம். லைசென்ஸ் எந்த எல்லைக்குச் செல்லும் என்றும் பார்த்துக்கொள். அப்பா வாங்கியபோது நம் ஊர் பெரம்பலூர் மாவட்டம், அரியலூர் தனியானது 2007 நவம்பரில். புதுப் புத்தகத்தில் மாவட்டமும், தேசியத் தரவுத்தளத்தின் தனி எண்ணும், ரிவால்வரில் பொறித்த எண்ணும் சரியாக ஏறியிருக்கிறதா என்று நீயே ஒப்பிட்டுப் பார்.

ராத்திரி செக்கிங்கில் நிறுத்தினால் இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கட்டும். "சார், லைசென்ஸ் ரிவால்வர் இடுப்பில் இருக்கிறது, புத்தகம் டிக்கியில் இருக்கிறது" என்று நீயே முதலில் சொல். அவர்கள் சொல்லாமல் எதையும் தொடாதே. நான் அந்தப் பக்கம் நின்றவள், இருட்டில் ஒருவர் திடீரென்று இடுப்புக்குக் கையைக் கொண்டு போனால் என்ன நினைப்பு வரும் என்று எனக்குத் தெரியும்.

சண்டை சச்சரவு உள்ள இடத்துக்கும் கொண்டு போகாதே. 1967 ஜனவரி 12-ஆம் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டதற்கு, இருவரும் உட்கார்ந்து பேசியதுதான் ஆரம்பம். துப்பாக்கி அங்கே இல்லாமல் இருந்திருந்தால் பேச்சு பேச்சோடு போயிருக்கும். பங்கில் சில்லறைத் தகராறு, குடித்துவிட்டு வந்து அளவு குறைகிறது என்று கத்துகிறவன், பங்காளி வழக்கு, இதிலெல்லாம் உன் கை அந்தப் பக்கம் போகவே கூடாது. பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தால் அந்த உரிமை கிடையாது, தேவைக்கு மேல் தீங்கு செய்தாலும் கிடையாது. பணத்தை மட்டும் கேட்கிறவனிடம் பையை எறிந்துவிட்டு வண்டியைத் திருப்பு. பணத்துக்கு இன்சூரன்ஸ் போடலாம். போகிற நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொண்டே இரு, ராத்திரி வரை பணத்தைச் சேர்த்து வைக்காமல் பகலிலேயே இரண்டு தடவையாக பேங்கில் கட்டு.

தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொல்லி ஆணை வரும். கீழப்பழுவூர் ஸ்டேஷனில் கொடுத்தால் ரசீதில் ரிவால்வர் எண்ணும், ரவை எண்ணிக்கையும், உறை கொடுக்கவில்லை என்பதும் எழுதி வாங்கு. உறையைக் கொடுக்காதே, அது வீட்டில் காய்ந்தபடி இருக்கட்டும். திரும்ப வாங்கும்போது அங்கேயே எண்ணைப் பார், ஆறு அறையும் காலியா என்று பார், ரிவால்வரைத் திறந்து குழலை வெளிச்சத்தில் பிடித்துத் துரு இருக்கிறதா என்று பார். வீட்டுக்கு வந்து எண்ணெய் போட்டுத் துடைத்த பிறகுதான் உறையில் வை.